டிஸ்க்கின் சூடா, பெட்டியின் சூடா?

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. நாலு சிஎன்சி, இரண்டு பவர் பிரஸ், பின்பக்கம் கம்ப்ரசர் ஷெட். ஷெட்டையும் பட்டறையையும் பிரிக்கும் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. அதற்குள் சிசிடிவி டிவிஆர். பதிவை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பூட்டு. சித்திரை மாத மதியம் ஒன்றில் ஓனர் அதை எனக்காகத் திறந்தார். அடுப்பங்கரைக் காற்றுப் போல ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. டிவிஆர் மூடியின் மேல் கூலண்ட் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காக அப்பியிருந்தன. மூடியைக் கழற்றி டிஸ்க்கின் மேல் விரல் வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். பதினான்கு மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் போன இரண்டாவது டிஸ்க் அது.

"சார், சூடு ஏறாத டிஸ்க்கா ஒண்ணு சொல்லுங்க. இல்ல, ஸ்பீடா இருக்கறதையே போட்டுடலாமா?" என்றார்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவை ஓசூரில் ஆலை போட்டபின் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் இங்கே நூற்றுக்கணக்கில் முளைத்தன. இப்போது போச்சம்பள்ளி ஓலா ஆலை, ஏத்தர் ஆலை என்று மின் ஸ்கூட்டர் காலமும் வந்துவிட்டது. ஒவ்வொரு பட்டறையிலும் குறைந்தது மூன்று இடத்தில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது: பில் போடும் சிஸ்டம், டிவிஆர், பழைய சிஎன்சியின் கன்ட்ரோலர். ஒன்று போனால் ஓனர் பஸ் ஏறி பெங்களூர் எஸ்பி ரோட்டுக்குப் போய் வேறொன்று வாங்கி வருகிறார். வாங்கும்போது அவர் ஒப்பிடுவது லேபிளில் இருக்கும் இரண்டு விஷயங்களை: எத்தனை டிபி, எத்தனை ஆர்பிஎம். சூடு பற்றிக் கடைக்காரர் சொல்வதே வாக்கு. அந்த வாக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், டிஸ்க் ஏன் சூடாகிறது? உள்ளே சுழலும் தட்டுகள் தம்மைச் சுற்றியுள்ள காற்றைக் கடைகின்றன. தயிர் கடையும் மத்துக்குத் தயிர் கொடுக்கும் எதிர்ப்புப் போலத்தான் இதுவும். அந்த எதிர்ப்பை வெல்லச் செலவாகும் மின்சாரம் முழுக்க வெப்பமாகிறது. சுழல் வேகம் கூடும்போது இந்தச் செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. தட்டின் விட்டம் கூடினால் இன்னும் மோசம், ஏறக்குறைய ஐந்தாம் மடி. 5400-லிருந்து 7200 ஆர்பிஎம்முக்குப் போனால் காற்றைக் கடையும் செலவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். டிஸ்க்கின் மின்பலகைச் செலவு அவ்வளவாக மாறாது என்பதால் மொத்தக் கணக்கில் 5400 டிஸ்க் 4, 5 வாட் என்றால் 7200 டிஸ்க் 7, 8 வாட் என்று வந்து நிற்கிறது.

டிஸ்க் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் கழுத்தில் தொங்கிய கல். 15,000 ஆர்பிஎம் சர்வர் டிஸ்க்குகளைச் செய்தபோது மூன்றரை அங்குலக் கூட்டுக்குள் சின்னத் தட்டுகளையே வைத்தார்கள். பெரிய தட்டை அந்த வேகத்தில் சுற்றினால் சூடு தாங்காது. 2008-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வெலாசிராப்டர் என்ற 10,000 ஆர்பிஎம் டிஸ்க்கை விற்றபோது, இரண்டரை அங்குல டிஸ்க்கை ஒரு பெரிய அலுமினிய வெப்பத்தகட்டுக்குள் பொருத்தித்தான் கொடுத்தார்கள். 2013-இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் டிஸ்க்குக்குள் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து 6 டிபி டிஸ்க் கொண்டுவந்தது. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு. கடைவதற்கு எதிர்ப்புக் குறைந்தது, தட்டுகளை நெருக்கி அடுக்க முடிந்தது. இன்றைய பெரிய டிஸ்க்குகளில் பல ஹீலியம் டிஸ்க்குகளே.

ஆக, வேகம் கூடினால் சூடு கூடும் என்ற கடைக்காரர் வாக்கு இயற்பியலில் சரி. ஆனால் வாட் என்பது வெப்பம் உண்டாகும் அளவு. டிஸ்க் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது அந்த வெப்பம் வெளியேறும் வழியைப் பொறுத்தது. காற்றோட்டமான கேபினட்டில் 8 வாட் டிஸ்க் அறையைவிடப் பத்து டிகிரி மேலே நின்றுவிடும். மூடிய இரும்புப் பெட்டியில் 4 வாட் டிஸ்க் அறையைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே ஏறும். அந்த டிவிஆர் பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். டிவிஆரின் மின்பலகை, பதினாறு கேமராக்களுக்கு 12 வோல்ட் கொடுக்கும் பெரிய எஸ்எம்பிஎஸ், சுவருக்கு அந்தப்பக்கம் நாள் முழுக்க ஓடும் கம்ப்ரசர். டிஸ்க் தன் பங்குக்குச் சேர்த்த நாலைந்து வாட் அந்தக் கூட்டத்தில் சிறுபான்மை. 7200-ஐ எடுத்துவிட்டு 5400 போட்டால் கிடைக்கும் மூன்று வாட் மிச்சத்தைவிட, எஸ்எம்பிஎஸ்ஸைப் பெட்டிக்கு வெளியே மாட்டினால் கிடைக்கும் மிச்சம் பல மடங்கு.

சூடு உண்மையிலேயே டிஸ்க்கைக் கொல்கிறதா? இதில்தான் ஆய்வாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். மின்னணுப் பொருள்களில் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்ற பழைய கணக்கு பொறியாளர்களிடம் வெகுநாளாகப் புழங்கியது. 2007-இல் கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்கை உலுக்கியது. மிதமான வெப்பத்தில் சூட்டுக்கும் டிஸ்க் சாவுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமாக இருந்தது. குளிர்ந்த டிஸ்க்குகள்கூட அதிகம் செத்திருந்தன. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "சூடு ஒரு விஷயமே இல்லை" என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அதே கட்டுரையில், 45 டிகிரியைத் தாண்டிய பகுதியில், மூன்று வயதைக் கடந்த டிஸ்க்குகளின் சாவு விகிதம் தெளிவாக ஏறுகிறது. அதை அவர்கள் படிப்பதில்லை.

அடுத்து வந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஒரு துண்டைச் சேர்த்தன. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, 50 டிகிரிக்குக் கீழே பாதிப்பு பயந்த அளவுக்கு வேகமாக ஏறவில்லை என்றது. சராசரி வெப்பத்தைவிட வெப்பம் ஏறி இறங்குவதுதான் கூடுதல் கெடுதல் என்றும் சேர்த்துச் சொன்னது. 2013-இல் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர்களை வைத்து சங்கரும் குருமூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை நேர் எதிர்த் திசையில் போனது. வெப்பத்துக்கும் சாவுக்கும் வலுவான தொடர்பு உண்டு, சர்வர் கூட்டுக்குள் டிஸ்க் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்றார்கள். 2014-இல் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகளைப் பார்த்து, ஒன்றிரண்டு மாடல்களைத் தவிர மற்றவற்றில் தொடர்பு தெரியவில்லை என்றது. 2016-இல் ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களில் பத்து லட்சம் டிஸ்க்குகளுக்கு மேல் கவனித்த மனுசாகிஸ் குழு, சூட்டைவிட ஈரப்பதமே பெரிய எதிரி என்று கண்டது. ஈரம் தட்டுகளைத் தொடுவதில்லை. மின்பலகையையும் இணைப்பு முனைகளையும் அரிக்கிறது.

இவை ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவை எல்லாம் எங்கே அளக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். டேட்டா சென்டரில் காற்று வடிகட்டப்படுகிறது, விசிறி நிற்பதில்லை. டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 25-க்கும் 45-க்கும் நடுவே வாழ்கின்றன. அந்த எல்லைக்குள் சூடு சின்ன விஷயம்தான். நம் பட்டறைப் பெட்டிகள் சித்திரையில் 50-ஐத் தாண்டுகின்றன. அவர்களின் வரைபடம் முடியும் ஓரத்தில்தான் நம்முடைய மதியம் தொடங்குகிறது. கூகுள் ஆய்வை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்துவது, கொடைக்கானலில் அளந்ததை வைத்து வேலூருக்குச் சட்டை தைப்பது போன்றது.

அதே கூகுள் கட்டுரையில் பட்டறைக்காரர்களுக்கு நேரடியாக உதவும் இரண்டு முடிவுகள் உண்டு. ஸ்கேனில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்ற டிஸ்க்குகளைவிட 39 மடங்கு. பேட் செக்டர் ஒன்றுதானே என்று விடக் கூடாது, அன்றே பேக்கப் எடுக்க வேண்டும். இரண்டாவது, செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த முன்னறிவிப்பும் தராமலே செத்தன. ஆகவே "சாஃப்ட்வேர் குட் என்று காட்டுகிறது" என்பதை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

இனி நம் வட்டாரம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி. சூளகிரி தாண்டி ரோடு இறங்கும்போதே பஸ் ஜன்னலில் வித்தியாசம் தெரியும். அதே டிஸ்க், அதே கேபினட், அதே வேலை என்றாலும் கிருஷ்ணகிரியில் மூன்று நாலு டிகிரி கூடுதலாகத்தான் ஓடும். உயரத்தில் காற்று மெல்லியதாயிற்றே, டிஸ்க்குக்கு ஆகாதே என்று ஒரு சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர் வரை அனுமதி உண்டு, ஓசூருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சூட்டைவிடத் தூசி இங்கே பெரிய கதை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகளில் கம்ப்யூட்டரைத் திறந்தால் விசிறியின் இறக்கைகள் வெள்ளையாக, மாவு சலித்த கைபோல இருக்கும். ஓசூர் கிரைண்டிங் ஷாப்பில் அது கறுப்பு. தூசி உள்ளே போய்த்தான் டிஸ்க் போனது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுகள் இருக்கும் அறைக்குள் அது நுழைவதில்லை. அங்கே இருக்கும் ஒரே துளையிலும் நுண்ணிய வடிகட்டி உண்டு (அந்தத் துளையை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடாதீர்கள்). தூசி செய்யும் கேடு வெளியே. விசிறியை முடக்குகிறது, வழியை அடைக்கிறது. கூலண்ட் புகையோடு சேர்ந்தால் போர்வையாகிவிடுகிறது. கிரைண்டிங் தூசியில் இரும்புத்துகள் இருந்தால் திறந்து கிடக்கும் மின்பலகையில் ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. பாகலூர், பேரிகைப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்களிடமும், சீசனில் ஆவி பறக்கும் மாங்கூழ் ஆலைகளிலும் சிக்கல் வேறு. அங்கே சூடு குறைவாக இருந்தும் டிஸ்க் போகும். கழற்றிப் பார்த்தால் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். மனுசாகிஸ் குழு சொன்னதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

அதிர்வு என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் விலைப்பட்டியலில் பார்ப்பதில்லை. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று சத்தமாகக் கத்தினார். கத்திய நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறியது வரைபடத்தில் தெரிந்தது. 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. வாயு பீறிட்ட பேரொலியிலேயே பல டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை மணிக்கணக்கில் நின்றது. ஒரு சத்தம் இவ்வளவு செய்யும் என்றால், பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் சிஸ்டத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிரஸ் விழும்போது, டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் தலை தன் தடத்திலிருந்து ஒரு மயிரிழை விலகுகிறது. எழுத வந்த இடம் கடந்துவிட்டால் தட்டு ஒரு முழுச்சுற்று சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். 7200-இல் அது 8.3 மில்லி நொடி, 5400-இல் 11.1. ஷிப்ட் ஓடும்போது மட்டும் சிஸ்டம் ஹேங் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பிரஸ் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதுதான். அங்கே வேகமான ஹார்ட் டிஸ்க் வாங்குவது காசைக் கரைப்பது. அசையும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

வேகத்தைப் பற்றி இப்போது பேசலாம். தேவையான தகவல் தலைக்குக் கீழே வரும்வரை தட்டு சராசரியாக அரைச்சுற்று சுற்ற வேண்டும். 5400-இல் 5.6 மில்லி நொடி, 7200-இல் 4.2. வித்தியாசம் ஒன்றரை மில்லி நொடிகூட இல்லை. தலை தடம் தேடிப் போகும் நேரம் இரண்டிலும் ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று இருக்கும். எஸ்எஸ்டியில் இந்த இரண்டு காத்திருப்பும் இல்லை, பத்தில் ஒரு மில்லி நொடியில் வேலை முடிகிறது. டேலி, ஜிஎஸ்டி பில், இ-வே பில் எல்லாம் துண்டு துண்டாகச் சின்னத் தகவல்களைத் தேடும் வேலை. அந்த சிஸ்டத்துக்கு 5400-ஆ, 7200-ஆ என்று யோசிப்பதே வீண். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் விஷயம் முடிந்தது, சூடும் இரண்டு மூன்று வாட்டோடு நின்றுவிடும். என்விஎம்இ வகை இன்னும் வேகமானது. ஆனால் மேலே வெப்பத்தகடு இல்லாமல் நெருக்கமான லேப்டாப்பில் போட்டால் 70, 80 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் தேவையான நேரத்தில் கைக்கு வராது.

டிவிஆருக்கு இந்த நியாயம் பொருந்தாது. பதினாறு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 8 எம்பி. எந்தச் சோம்பேறி டிஸ்க்கும் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். அங்கே 7200 எதற்கு? ஒரு நாளைக்கு 690 ஜிபி எழுதப்படுகிறது, வருஷத்துக்கு 250 டிபி. 1 டிபி சாதாரண எஸ்எஸ்டிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் எழுத்து உத்தரவாதம் பெரும்பாலும் 300 முதல் 600 டிபி. ஒன்று, இரண்டு வருஷத்தில் அது தேய்ந்துவிடும். கண்காணிப்புக்கென்று வரும் 5400 ரகம், அதாவது வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்றவை, இடைவிடாத எழுத்துக்கென்றே செய்யப்பட்டவை. அங்கே மெதுவான டிஸ்க்தான் சரியான டிஸ்க்.

பேக்கப்புக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது சூட்டில் தகவல் மெல்லக் கசியும். ஆயுள் தேய்ந்த நிலையிலும் 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பதுதான் சாதாரண எஸ்எஸ்டிக்கு ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். தகரக் கூரைக்குக் கீழே பீரோவில் 30 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது? கணக்கு வருஷத்தை மூட்டை கட்டி வைக்க ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் நல்லது. இரண்டு காப்பி, ஒன்று வீட்டில்.

நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டிக்கு, மாற்று டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் என்ற ஒரு கண்ணி உண்டு. ஓட்டுக்கூரை போலத் தடத்தின் மேல் தடம் ஏறி எழுதும் முறை அது. பழைய தகவலைத் திருத்தி எழுதும்போது தடுமாறும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய்ப் புதிதைச் செருகி மீட்டெடுக்கும் வேளையில் நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகள் முழு மூச்சில் ஓடிச் சூடேறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் இது சொல்லப்படாமல் இருந்தது பெரிய சர்ச்சையானது. வாங்குமுன் மாடல் எண்ணைத் தட்டிப் பார்த்து அப்படித் தடத்தின் மேல் ஏறி எழுதாத சிஎம்ஆர் ரகம்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலை குறைந்த டிஸ்க் கண்ணில் பட்டால் மணிக்கணக்கைப் பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பூஜ்யம் மணி என்று திருத்தப்பட்டுப் புதிதாக விற்கப்பட்டது வெளியானது. அவற்றில் பல, சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை என்று சந்தேகிக்கப்பட்டது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பதிவை அழிக்க முடிந்தவர்களால் சீகேட்டின் ஃபார்ம் என்ற உள்பதிவை அழிக்க முடியவில்லை, அதில்தான் அகப்பட்டார்கள். வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி தேதி பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கடையில் நிற்கும்போதே செய்துவிடலாம்.

பழைய சிஎன்சி கன்ட்ரோலர் தனி உலகம். சீமன்ஸ் பிசியு 50 போன்றவற்றில் டிஸ்க்கை அதிர்வுத் தாங்கியின் மேல் வைத்து, வண்டியில் கொண்டுபோகும்போது பூட்டிக்கொள்ள ஒரு நெம்புகோலும் கொடுத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு எதிரி யார் என்று தெரிந்திருந்தது. அங்கே சூடு, வேகம் இரண்டையும் விட முக்கியமானது, டிஸ்க் நன்றாக இருக்கும்போதே முழு இமேஜ் எடுத்து ஒரு உதிரி டிஸ்க்கில் ஏற்றி, அதை ஒருமுறை மாட்டி மெஷினை ஓட்டிப் பார்த்துவிடுவது.

வாங்கப் போவதற்கு முன் நான் எல்லோரிடமும் கேட்பது ஒரே ஒரு எண். இலவசமாகக் கிடைக்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க்கின் வெப்பம் தெரியும், டிவிஆரின் மெனுவிலும் பலவற்றில் தெரியும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து அறையின் வெப்பத்தைப் பாருங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். பத்து, பன்னிரண்டுக்குள் வந்தால் காற்றோட்டம் சரி, வேலைக்கு ஏற்ற எந்த டிஸ்க்கும் அங்கே பிழைக்கும். இருபதைத் தாண்டினால் எஸ்பி ரோட்டுக்குப் போகும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் அந்தப் பெட்டி அதையும் தின்னும்.

அந்தப் பட்டறையில் அதைத்தான் செய்தோம். எஸ்எம்பிஎஸ் வெளியே போனது. பெட்டி கம்ப்ரசர் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு, மார்பு உயரத்துக்கு இறங்கியது. கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை துளை, கீழ்வரிசைக்குக் கழுவி மாட்டும் நுரை வடிகட்டி. பிறகுதான் 5400 கண்காணிப்பு டிஸ்க் உள்ளே போனது. பூட்டு அதே பூட்டு. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஓனர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். மார்க்கரில் தேதி போட்டு, வாரத்துக்கு ஒரு வரியாக இரண்டு எண்கள் எழுதியிருந்தார். கடைசி வரியில் அறை 34, டிஸ்க் 45. மூன்றாவதாக ஒரு எண்ணையும் அவரே சேர்த்து வட்டம் போட்டிருந்தார்: 11.